பெஞ்சில் இருப்பவருக்கு என்ன விலை?

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தவர்களிடம் ‘பெஞ்ச்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறிவிடும். சம்பளம் வரும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். மதியம் கேன்டீனில் தயிர் சாதம் கிடைக்கும். ஆனால் செய்ய வேலை இருக்காது. ‘புராஜெக்ட் வரும், வெயிட் பண்ணு’ என்பார்கள். 2002-ல் சென்னையில் ஒரு கம்பெனியில் ஐந்து மாதம் அப்படி உட்கார்ந்திருந்தவன் நான். அந்த நேரத்தில் யாராவது என்னை எடை போட்டிருந்தால் விலை பூஜ்யம்தான்.

இந்த வாரம் முழுக்க எனக்கு அந்த பெஞ்ச் ஞாபகம். காரணம், மேடிசனில் காலேஜ் சேர்ந்திருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனில் கேட்ட ஒரு கேள்வி.

“அப்பா, மாலிக் வில்லிஸை வெச்சுக்கலாமா, வித்துடலாமா?”

பதறாதீர்கள். ஆள் கடத்தல் எதுவும் இல்லை. ஃபேன்டஸி ஃபுட்பால் சமாசாரம்.

நாங்கள் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில். இங்கிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் கிரீன் பே. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன நகரம். ஆனால் அமெரிக்கன் ஃபுட்பாலின் புகழ்பெற்ற பேக்கர்ஸ் அணி இந்த ஊருடையது. இந்த அணிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. பங்கு வாங்கிய லட்சக்கணக்கான ரசிகர்கள்தான் சொந்தக்காரர்கள். சீசன் டிக்கெட்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வரிசையில் காத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்தவுடன் அந்த வரிசையில் பெயரைப் பதிந்துவைக்கும் பெற்றோர்கள் உண்டு. காத்திருப்பது இந்த ஊருக்குப் பழகிய விஷயம்.

இந்த அணியின் குவார்ட்டர்பேக் ஜோர்டான் லவ். 2024 செப்டம்பர் 6-ம் தேதி பிரேசிலின் சாவ் பாவ்லோவில் நடந்த சீசனின் முதல் ஆட்டத்தில், முடியப்போகிற நேரத்தில் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் மாலிக் வில்லிஸ். பேக்கர்ஸுக்கு வந்து மூன்று வாரம்கூட முழுதாக ஆகாதவர். டென்னசி டைட்டன்ஸ் அணி ‘வேண்டாம்’ என்று ஒரு ஏழாவது சுற்றுத் தேர்வுக்கு, அதாவது கிட்டத்தட்ட சும்மா, தள்ளிவிட்ட ஆள்.

அவர் இரண்டு ஆட்டம் தொடங்கினார். இரண்டிலும் வெற்றி. இரண்டாவது வெற்றி 2024 செப்டம்பர் 22, ஞாயிறு அன்று, அதே டைட்டன்ஸ் அணியை அவர்கள் மைதானத்திலேயே 30-14 என்று வீழ்த்தியது. ஒரு டச்டவுன் எறிந்தார், ஒன்றை ஓடிப்போய்த் தானே அடித்தார். அன்று இரவே எங்கள் வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது.

முதலில் விளையாட்டு

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒவ்வொரு தாக்குதலிலும் பந்தைக் கையில் வாங்கி, எறிவதா, கொடுப்பதா, ஓடுவதா என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். ஓர் அணியில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் அந்த இடத்தில் நிற்க முடியும். மற்ற இடங்களில் களைத்தவரை வெளியே எடுத்து இன்னொருவரை அனுப்புவார்கள். இங்கே அது அநேகமாகக் கிடையாது. அடிபட்டாலோ, கோச் நம்பிக்கை இழந்தாலோதான் இரண்டாமவருக்கு வாசல் திறக்கும்.

நம் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி. தினேஷ் கார்த்திக் இந்திய அணிக்காக தோனிக்கு முன்பே, 2004 செப்டம்பரில், ஆடிவிட்டார். தோனி வந்தது அதே ஆண்டு டிசம்பரில். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கார்த்திக்கிடம் திறமை இல்லையா என்ன? முன்னால் நின்றவர் தோனி.

ஃபேன்டஸி ஃபுட்பால் என்பது நாம் காகிதத்தில் கட்டும் அணி. 1962-ல் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியின் பங்குதாரர் பில் விங்கன்பாக்கும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து உருவாக்கியது. நிஜ வீரர்களை நாம் பங்கு பிரித்துக்கொள்கிறோம். அவர்கள் நிஜ ஆட்டத்தில் சாதிப்பது நமக்குப் புள்ளி. பெரும்பாலான லீக்குகளில் 25 யார்டு எறிந்தால் 1 புள்ளி, எறிந்த பந்து டச்டவுன் ஆனால் 4. ஓடினால் 10 யார்டுக்கே 1 புள்ளி, ஓடி அடித்த டச்டவுனுக்கு 6.

எங்கள் லீக் ‘டைனஸ்டி’ வகை. ஒருமுறை எடுத்த வீரர், நாமாக விற்கும்வரை அல்லது விடும்வரை வருடக்கணக்கில் நம்முடையவர். மொத்தம் 12 அணிகள். உறவினர்கள், நண்பர்கள் என்று அமெரிக்கா முழுக்க இருக்கிறார்கள். நானும் மகனும் சேர்ந்து ஓர் அணி. நியூ ஜெர்சியில் இருக்கும் என் மைத்துனன் தனி அணி. காசு வைத்து ஆடுவதில்லை. கடைசி இடம் பிடிப்பவர் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் எல்லாப் பாத்திரமும் கழுவ வேண்டும். காசே பரவாயில்லை என்று தோன்றும்.

இப்படி வருடக்கணக்கில் வைத்திருக்கும் ஆட்டத்தில், பெஞ்சில் இருக்கும் குவார்ட்டர்பேக்குக்கு என்ன விலை போடுவது என்பதுதான் கஷ்டமான கணக்கு. நான் அதில் இரண்டு முறை தோற்றவன். வேடிக்கை என்னவென்றால் இரண்டு முறையும் அதே கிரீன் பே பெஞ்ச். முன்னால் நின்றவரும் அதே ஆரன் ரோட்ஜர்ஸ்.

ஒரே ஒரு ஆட்டத்தை நம்பிய கதை

2012 ஜனவரி 1. பேக்கர்ஸ் அதற்குள் 14 ஆட்டங்களில் ஜெயித்து முதலிடத்தை உறுதி செய்துவிட்டார்கள். கடைசி லீக் ஆட்டத்தில் ரோட்ஜர்ஸுக்கு ஓய்வு கொடுத்து மேட் ஃப்ளின் என்ற பேக்கப்பை இறக்கினார்கள். எதிரணி டெட்ராய்ட் லயன்ஸ். ஃப்ளின் எறிந்தது 480 யார்டு, 6 டச்டவுன். பேக்கர்ஸ் வரலாற்றிலேயே அதுவரை யாரும் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு எறிந்ததில்லை. ஃபேன்டஸி கணக்கில் 40 புள்ளிகளுக்கு மேல்.

அப்போது நான் ஆபீஸ் நண்பர்களோடு ஒரு டைனஸ்டி லீக்கில் இருந்தேன். அடுத்த நாள் காலை காபி குடிப்பதற்கு முன்பே ஃப்ளின்னை வாங்கிவிட்டேன். கொடுத்த விலை, அந்த ஆண்டுப் புதுமுக வீரர்களில் என் முதல் சுற்றுத் தேர்வு. மார்ச்சில் சியாட்டில் சீஹாக்ஸ் அவருக்கு 3 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தபோது ஆபீஸில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் சியாட்டிலின் முதல் குவார்ட்டர்பேக் யார் என்று அறிவித்தார்கள். ஃப்ளின் இல்லை. மூன்றாவது சுற்றில் எடுத்த ரஸல் வில்சன் என்ற புதுப் பையன். ஒன்றரை ஆண்டு கழித்து அந்தப் பையன் சூப்பர் பௌல் ஜெயித்தான். சியாட்டிலுக்காக ஃப்ளின் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை. எங்கள் லீக்கில் வில்சனை ஒருவர் கடைசிச் சுற்றில், ஏறக்குறைய இலவசமாக எடுத்திருந்தார்.

பின்னாளில்தான் நான் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. அதே ஜனவரி 1 ஆட்டத்தில், எதிரணியின் மேத்யூ ஸ்டாஃபோர்ட் 520 யார்டு எறிந்திருக்கிறார்! ஸ்கோர் 45-41. அன்று யார் எறிந்தாலும் பந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் ஒரு பக்கத்து ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு விலை கொடுத்திருக்கிறேன். தவிர, ஃப்ளின்னை பேக்கர்ஸ் எடுத்தது 2008-ல், ஏழாவது சுற்றில், 209-வது ஆளாக. அவருக்காகப் பெரிய விலை கொடுத்த அணி எதுவும் அதுவரை இல்லை.

ஃப்ளின்னைக் குறை சொல்ல மாட்டேன். 2013-ல் ரோட்ஜர்ஸின் தோள் எலும்பு முறிந்தபோது திரும்ப கிரீன் பேக்கு வந்தார். டல்லஸில் இடைவேளையில் 26-3 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை 37-36 என்று ஜெயித்துக் கொடுத்தார். அந்த ஆண்டு பேக்கர்ஸ் ப்ளேஆஃப் போனதில் அவருக்குப் பங்கு உண்டு. நிஜ அணிக்கு அவர் தங்கம். என் காகித அணிக்கு அவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்த இரண்டு மதிப்பும் வேறு வேறு என்று எனக்குப் புரியவே வருஷங்கள் ஆயின.

அதே ஒரு ஆட்டத்தை நம்பி விற்ற கதை

2020. மகனுக்கு 14 வயது. குடும்ப லீக்கில் சேர்ந்து இரண்டாவது வருஷம். புதுமுகத் தேர்வில் அவன் பிடிவாதமாகக் கேட்டு எடுத்த ஆள் ஜோர்டான் லவ். பேக்கர்ஸ் அவரை முதல் சுற்றில் 26-வது ஆளாக எடுத்திருந்தார்கள். அப்போது ரோட்ஜர்ஸ் உச்சத்தில் இருந்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சிறந்த வீரர் விருதே அவருக்குத்தான். எனக்கு எரிச்சல். இருந்தாலும் பையன் ஆசைப்படுகிறான் என்று விட்டுவிட்டேன்.

2021 நவம்பர் 7. ரோட்ஜர்ஸுக்குக் கொரோனா. கான்சாஸ் சிட்டியில் லவ் தன் முதல் ஆட்டத்தைத் தொடங்கினார். 190 யார்டு, ஒரே டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன். 13-7 என்று தோல்வி. எறிந்ததில் கிடைத்தது 10 புள்ளிகூடத் தேறவில்லை.

2022 மார்ச்சில் ரோட்ஜர்ஸ் சுமார் 15 கோடி டாலருக்கு 3 ஆண்டுப் புது ஒப்பந்தம் போட்டார். அன்று சாயங்காலமே என் மைத்துனன் போன் செய்தான்.

“அத்தான், அந்த லவ் பையன் சும்மாதானே உட்கார்ந்திருக்கான்? எங்கிட்ட ஒரு ரன்னிங் பேக் இருக்கார். மாத்திக்கலாமா?”

ஃப்ளின் பட்ட சூடு எனக்கு ஆறவில்லை. பேக்கப் என்றாலே கசப்பு. மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “ரோட்ஜர்ஸ் இன்னும் மூணு வருஷம் நகர மாட்டார். இவன் ஆடினது ஒரே மேட்ச். அதுவும் சொதப்பல். கொடுத்துடலாம்.”

“சரிப்பா” என்றான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வந்த ரன்னிங் பேக்குக்கு வயது 28. அடுத்த சீசனிலேயே காயம், பிறகு ஓய்வு.

2023 ஏப்ரலில் ரோட்ஜர்ஸை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு மாற்றினார்கள். லவ் முதல் இடத்துக்கு வந்தார். மகன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

பிறகு ஒரு திருப்பம். அக்டோபரில் பேக்கர்ஸ் தொடர்ந்து தோற்றார்கள். லாஸ் வேகஸில் ஒரே ஆட்டத்தில் லவ் 3 இன்டர்செப்ஷன் கொடுத்தார். மாதக் கடைசியில் 7 ஆட்டங்களில் 5 தோல்வி. மைத்துனனிடமிருந்து மறுபடி போன்.

“அத்தான், உங்க ஊர் பையனை நீங்களே வெச்சுக்கறீங்களா? ஒரு ரிசீவரும் செகண்ட் ரவுண்டும் கொடுங்க போதும்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி, “ஏங்க, போன தடவை அவனைக் கேக்காமத்தான வித்தீங்க? இந்தத் தடவையாவது கேளுங்க” என்றாள்.

கேட்டேன். மகன் தன் ஸ்கூல் நோட்டு ஒன்றை எடுத்து வந்தான். பின்பக்கத்தில் மூன்று வரி. தேதி 2020 ஜூன்.

முதல் வரி: லவ்வை எடுக்க பேக்கர்ஸ் 30-வது இடத்திலிருந்து 26-க்கு முன்னேறினார்கள், அதற்காக ஒரு நான்காவது சுற்றுத் தேர்வைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். இரண்டாவது வரி: ரோட்ஜர்ஸுக்கு டிசம்பரில் 37 வயது. மூன்றாவது வரி: ரோட்ஜர்ஸே இதே பெஞ்சில் மூன்று வருஷம் இருந்தவர்.

உண்மைதான். ரோட்ஜர்ஸை 2005-ல் முதல் சுற்றில் 24-வது ஆளாக எடுத்து, பிரெட் ஃபார்வ் என்ற ஜாம்பவானுக்குப் பின்னால் மூன்று ஆண்டு உட்காரவைத்தார்கள். 2008-ல் ஃபார்வை ஜெட்ஸுக்கு மாற்றினார்கள். ரோட்ஜர்ஸ் முதல் ஆண்டிலேயே 4,000 யார்டு தாண்டினார். அதே அணி, அதே முதல் சுற்று, அதே மூன்று ஆண்டு. கடைசியில் அதே ஜெட்ஸ்!

“இதை ஏண்டா அப்பவே சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையேப்பா.”

மைத்துனன் கேட்ட விலையைக் கொடுத்து லவ்வைத் திரும்ப வாங்கினோம். கடைசி 8 ஆட்டங்களில் லவ் 18 டச்டவுன் எறிந்தார், ஒரே ஒரு இன்டர்செப்ஷன். சீசன் மொத்தத்தில் 4,159 யார்டு, 32 டச்டவுன். 2024 ஜூலையில் 4 ஆண்டுக்கு 22 கோடி டாலர் ஒப்பந்தம்.

அந்த நோட்டிலிருந்து ஐந்து கேள்விகள்

அந்த மூன்று வரியையும் என் சூடுகளையும் சேர்த்து நாங்கள் இப்போது ஐந்து கேள்வி வைத்திருக்கிறோம். ஃபேன்டஸி ஆடுபவர்களுக்கு உதவும். ஆடாதவர்கள் சும்மா படித்து வையுங்கள்.

ஒன்று: முன்னால் நிற்பவர் எப்போது நகர்வார்? ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்கக் கூடாது. எந்த ஆண்டில் அணி அவரை விட்டுவிட முடியும் என்பதே முக்கியம். 15 கோடி ஒப்பந்தம் போட்ட ரோட்ஜர்ஸ் 13 மாதத்தில் ஊர் மாறினார். 2024 மார்ச்சில் அட்லாண்டா அணி 35 வயது கர்க் கசின்ஸுக்கு 4 ஆண்டு, 18 கோடி டாலர் வரை போகும் ஒப்பந்தம் கொடுத்தது. அடுத்த மாதமே மைக்கேல் பெனிக்ஸ் என்ற புதுமுகத்தை 8-வது ஆளாக எடுத்தது. ஒப்பந்தம் என்ன சொன்னாலும் அணியின் மனதில் என்ன ஓடுகிறது என்று அந்த 8 சொல்கிறது.

இரண்டு: அணி இவருக்காக என்ன கொடுத்தது? பெஞ்சில் இருப்பவர்களில் வாரிசும் உண்டு, காப்பீடும் உண்டு. பெனிக்ஸ், லவ் எல்லாம் வாரிசு. காப்பீட்டுக்கு நல்ல உதாரணம் சேஸ் டேனியல். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பல அணிகளில் இருந்தார். தொடங்கிய ஆட்டங்கள் 5. சம்பாதித்தது 4 கோடி டாலருக்கு மேல். முதல் ஆளுக்குப் பாடம் எடுக்க, எதிரணியைப் படித்துச் சொல்ல, அவசரத்துக்கு நிற்க அவரை நம்பினார்கள். மனிதர் வாழ்க்கையில் ஜெயித்தவர். ஆனால் அவரை ஃபேன்டஸியில் வைத்திருந்தவருக்கு வருஷக்கணக்கில் பூஜ்யம்.

‘டாம் பிரேடி 199-வது ஆள், பிராக் பர்டி 262-வது, அதாவது கடைசி ஆள். அவர்கள் வரவில்லையா?’ என்று கேட்பீர்கள். வந்தார்கள். பிரேடி 2001-ல் ட்ரூ பிளெட்சோ அடிபட்டதால் வந்தார். பர்டி 2022-ல் முன்னால் இருந்த இருவருமே அடிபட்டதால் வந்தார். ஆனால் பர்டியின் அந்த 2022 வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 9 குவார்ட்டர்பேக்குகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024 செப்டம்பரில் யாருடைய காயத்தாலும் இல்லாமல், தன் அணியின் முதல் ஆளாக நின்றவர் அந்தக் கடைசி ஆள் மட்டும்தான். முதல் சுற்றில் போன கென்னி பிக்கட்கூட 2024-ல் பிலடெல்பியாவில் பேக்கப்பாகத்தான் இருந்தார். ஒன்பதில் ஒன்று. பர்டி கதையைச் சொல்லி யாராவது உங்களிடம் பேக்கப்பை விற்க வந்தால் மற்ற எட்டுப் பேரின் பெயரைக் கேளுங்கள்.

மூன்று: ஓடத் தெரியுமா? ஓடி எடுத்த 50 யார்டும் எறிந்து எடுத்த 125 யார்டும் ஒரே புள்ளி. அதனால் எறிவதில் சுமாராக இருந்தாலும் ஓடத் தெரிந்த பேக்கப், வாசல் திறந்த அன்றே புள்ளி தருவார். அழகாக எறிந்து, நின்ற இடத்திலேயே நிற்பவருக்கு நேரம் பிடிக்கும்.

நான்கு: நம் லீக்கின் விதி என்ன? நிஜத்தில் 32 அணிகள், 32 முதல் குவார்ட்டர்பேக்குகள். 12 பேர் ஆடும் லீக்கில் ஆளுக்கு ஒருவரை இறக்கினால் தேவை 12. மீதி 20 பேர் சும்மா கிடப்பார்கள். அங்கே பேக்கப்பை வைத்திருப்பது வீண். எங்கள் லீக் ‘சூப்பர்ஃப்ளெக்ஸ்’. ஆளுக்கு இருவரை இறக்கலாம். தேவை 24. அணிகளுக்கு ஓய்வு வாரம், காயம் எல்லாம் சேர்ந்தால் தட்டுப்பாடு. அதே வீரர், அதே திறமை. லீக் விதி மாறினால் விலை மாறும்.

ஐந்து: காத்திருக்க என்ன செலவு? இதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். லவ்வை மூன்று வருஷம் வைத்திருந்தால், அந்த இடத்தில் மூன்று வருஷமும் வேறு யாரையும் வைக்க முடியாது. பத்திரமாக இருக்கிறதே என்று வாங்கிப்போட்ட மனையைப் போல. வேலியும் போட வேண்டும், வரியும் கட்ட வேண்டும்.

இந்த ஐந்திலும் ‘போன ஞாயிறு எப்படி ஆடினார்?’ என்ற கேள்வி இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பல ஆட்டங்கள் சேர்ந்தால் அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒரே ஆட்டத்தை வைத்து நான் ஒருவரை வாங்கினேன், ஒரே ஆட்டத்தை வைத்து இன்னொருவரை விற்றேன். இரண்டும் தப்பு.

வில்லிஸ் பஞ்சாயத்து

இப்போது ஞாயிறு ராத்திரிக்கு வருவோம். மைத்துனனின் குவார்ட்டர்பேக் மயாமியின் டுவா டாகோவைலோவா. 2024 செப்டம்பர் 12 அன்று தலையில் அடிபட்டு அப்போது வெளியே இருந்தார். அதனால் வில்லிஸ் மேல் அவனுக்குக் கண். டைட்டன்ஸ் ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடம், “அத்தான், தேர்ட் ரவுண்ட் தர்றேன்” என்று செய்தி.

என் பழைய புத்தி உடனே, ‘வித்துடு’ என்றது. லவ் திரும்பப்போகிறார், வில்லிஸ் மறுபடி பெஞ்சுக்குப் போவார், விலை இன்றைக்குத்தான் உச்சம். ஆனால் இந்த முறை வாயை மூடிக்கொண்டு மகனிடமே திருப்பிக் கேட்டேன். “நீ என்ன நினைக்கிற?”

அவன் வரிசையாகச் சொன்னான். கிரீன் பேயில் வாசல் மூடியாகிவிட்டது. லவ்வுக்கு வயது 25, ஒப்பந்தத்தில் மை காயவில்லை. பேக்கர்ஸ் கொடுத்தது வெறும் ஏழாவது சுற்று, ஆக இவர் காப்பீடுதான், வாரிசு இல்லை. ஆனால் இவருக்கும் வயது 25. நன்றாக ஓடுகிறார். ஞாயிறு மட்டும் 73 யார்டு. இவருடைய ஒப்பந்தம் 2025 சீசனோடு முடிகிறது. அப்போது ஆள் இல்லாத வேறொரு ஊர் கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். எங்கள் அணியில் கடைசி இடம் ஒன்று காலியாகத்தான் இருக்கிறது. காத்திருக்கும் செலவு கம்மி.

“அப்ப வெச்சுக்கலாங்கறியா?”

“அப்படி இல்லப்பா. மாமா செகண்ட் ரவுண்ட் கொடுத்தா இன்னிக்கே கொடுத்துடலாம். தேர்ட் ரவுண்டுன்னா வேண்டாம்.”

எனக்கு இதுதான் பிடித்தது. ஃப்ளின்னை வாங்கியபோது ‘இவன் பெரிய ஆளாவானா?’ என்று கேட்டேன். லவ்வை விற்றபோதும் அதையே கேட்டேன். அதற்குப் பதில் யாருக்குமே தெரியாது. ‘இந்த விலைக்குத் தகுமா?’ என்று கேட்டால் ஏதாவது ஒரு பதில் கிடைக்கிறது. பதினெட்டு வயதில் அவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

மைத்துனன் இரண்டு நாள் பேரம் பேசினான். தேர்ட் ரவுண்டுக்கு மேல் வரவில்லை. வில்லிஸ் எங்கள் பெஞ்சிலேயே இருக்கிறார். நாளைக்கு அவர் இன்னொரு பர்டி ஆனாலும் சரி, இன்னொரு ஃப்ளின் ஆனாலும் சரி, இந்த முறை முடிவெடுத்த விதத்தில் எனக்கு வருத்தம் இருக்காது.

முக்கியமாக, அந்தப் போன் ஒரு மணி நேரம் ஓடியது. காலேஜ் சேர்ந்ததிலிருந்து ‘சாப்டியா, சாப்டேன்’ என்ற அளவில் முடிந்துகொண்டிருந்த போன் அது.

என் பெஞ்ச் கதையை முடிக்கவில்லையே. ஐந்தாவது மாதக் கடைசியில், கல்யாண லீவில் போன ஒருவருக்குப் பதிலாகப் பத்து நாளைக்கு என்று சொல்லி என்னை ஒரு புராஜெக்டில் உட்காரவைத்தார்கள். அவர் திரும்பி வந்தபோது வேலை இரண்டு மடங்காகியிருந்தது. இருவருமே இருந்துவிட்டோம். அந்த புராஜெக்ட்தான் பிறகு என்னை அமெரிக்காவுக்கு அனுப்பியது.

இதைச் சொன்னதும் என் மனைவி கேட்டாள்: “அந்த அஞ்சு மாசத்துல உங்களை யாராவது விலை கேட்டிருந்தா எங்கப்பா தேர்ட் ரவுண்டுக்கே கொடுத்திருப்பாரா?”

2002-ல்தான் எங்களுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாமனார் அப்போது மாப்பிள்ளையின் பழைய ஸ்கோரைப் பார்க்காமல் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கிறார். தேங்க்ஸ்கிவிங்குக்கு அவரும் வருகிறார். பாத்திரம் யார் கழுவினார்கள் என்று டிசம்பரில் சொல்கிறேன்.